காரைக்குடிப் பக்கம் கைக்குழந்தையோடு தங்க இடமில்லாத பெண்ணுக்கு யார் உதவுவார்கள்?

தம்பி, உங்கள் அக்கா மகளுக்கு இருபத்திரண்டு வயது, மடியில் ஏழு மாதக் குழந்தை, மாமியார் வீட்டில் வெளியே போகச் சொல்கிறார்கள், எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். மீதியை நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். பிறந்த வீட்டில் "அனுசரிச்சுப் போ" என்றிருப்பார்கள். ரேஷன் கார்டு மாமியார் பீரோவில் இருக்கும்.

அடி உதை இல்லையென்றால் அவசரப்பட்டுப் படியிறங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வாழ்ந்த வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு. வீடு மாமனார் பேரில் இருந்தாலும் அந்த உரிமை கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடி விழுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பட்டும். பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் அடித்தால் எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்துக்கு ஒரு பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது, அங்கே சில நாள் தங்கலாம். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் ஆதரவில்லாத பெண்கள் தங்கும் சக்தி சதன் இல்லத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். நம் செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் கிடக்கின்றன. காரைக்குடி, தேவகோட்டை என்றால் சிவகங்கை. ராயவரம், அரிமளம் என்றால் புதுக்கோட்டை. இது தெரியாமல் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வக்கீலுக்குக் காசில்லையே என்று கவலைப்பட வேண்டாம், பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே ஆபீஸ் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு "குடும்பத்தைப் பிரிக்கிறாள்" என்று எழுத வருகிறவர்கள் ஒரு நாள் கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுதட்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் குவைத் போனார். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் என் நகைக்கு மேல் நின்றது. கொஞ்ச நாளில் பணமும் நின்றது, போனும் நின்றது. மாமியார் வீட்டில் என்னைப் பாரமாக நினைத்தார்கள். அண்ணன் வீட்டில் அண்ணி முகம் கொடுக்கவில்லை. அப்போது 181 எல்லாம் கிடையாது. வாடகைக்குப் போனால் "வீட்டுக்காரர் எங்கே?" என்பதுதான் முதல் கேள்வி, அட்வான்ஸ் பற்றிய பேச்சு அப்புறம்தான்.

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் போட்டுக் கொடுத்தார்கள். வேலைக்கு என்று போய் நின்றேன். மகள் இடுப்பில் இருந்தாள். ஆச்சி அவளைப் பார்த்துவிட்டு, "ராத்திரி எங்கடி படுப்ப?" என்றார்கள். நான் பதில் சொல்லவில்லை.

வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி வீடு பூட்டிக் கிடக்கிறதே, ஓர் அறை கொடுத்தால் என்ன என்று. வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றி இருக்கிற ஒவ்வோர் அறைக்கும் ஒரு பூட்டு, ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு பங்காளி. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். ஓடு மாற்றவே எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஆச்சி எனக்குக் கொடுத்தது வீட்டின் பின்பக்கம் மூன்றாங்கட்டில், பலகார அடுப்புக்குப் பக்கத்துச் சாமான் அறை. விஷயம் தெரிந்து ஒரு பங்காளி போன் போட்டு, "குடி வச்சா எந்திரிக்க மாட்டா" என்று கத்தினார். ஆச்சி சொன்ன பதில் அடுப்படி வரைக்கும் கேட்டது: "கல்யாணமான நம்ம பிள்ளைகளைத் தனிக்குடித்தனமா வேறு வைக்கிறப்ப அரிசி பருப்பு அளந்து, அடுப்பும் கொடுத்து வைக்கிறோம்ல? இவளுக்கு அதைச் செய்ய ஆளில்லை. நான் செய்யிறேன்."

அதோடு விடவில்லை. தை வரைக்கும் தங்கலாம், கூலியில் பாதியை ஆச்சியிடமே சேர்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். அதைக் கறார் என்று சொன்னவர்கள் உண்டு. பாவம் பார்த்து ஒரு வாரம் சோறு போட்ட வீடுகளில் எட்டாம் நாள் குரல் மாறியதை நான் கேட்டிருக்கிறேன். கணக்கு எழுதிய வீட்டில்தான் தலைநிமிர்ந்து சாப்பிட்டேன். இதனால் நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், எல்லாரும் ஆச்சி மாதிரி என்று நான் சொல்லவில்லை, அதே தெருவில் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. சண்டைக்கு வராதீர்கள்.

எனக்குப் பெரிய உதவி அந்த அறைகூட இல்லை. ஆச்சி கரண்ட் பில் நகல் கொடுத்து, "இவள் என் வீட்டில் இருக்கிறாள்" என்று கடிதமும் எழுதிக் கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் மாமியார் கார்டிலிருந்து பேரை நீக்கி எனக்கென்று ரேஷன் கார்டு வாங்கினேன். இடம் கொடுக்கிறவர்கள்கூட முகவரி கொடுக்கப் பயப்படுவார்கள். உங்களால் முடிந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். மகளிர் உரிமைத்தொகைக்கும் கார்டுதான் கேட்கிறார்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் அவள் கையோடு எடுத்துக்கொள்ளட்டும். அங்கன்வாடியில் பேர் கொடுத்தால் சத்துமாவு கிடைக்கும்.

இப்போது நானே தனியாகப் பலகாரம் போடுகிறேன். சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். சீப்புச் சீடைக்கு மாவைச் சீப்பின் மேல் அழுத்தி, வரி விழுந்ததும் இரண்டு முனையையும் விரலில் சுற்றி ஒட்ட வேண்டும். ஒட்டு சரியில்லை என்றால் எண்ணெயில் வாய் பிளந்துவிடும். தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்து இப்படி ஒவ்வொன்றாகச் செய்ததை, மிஷினில் பிழிந்த பாக்கெட் விலைக்குக் கேட்கிறார்கள். காரில் வந்து இறங்கி, வீட்டு முகப்பில் போட்டோவும் எடுத்துக்கொண்டு, கிலோவுக்கு இருபது ரூபாய் குறைக்கச் சொல்வார்கள்.

சரி, அது என் புலம்பல். தீபாவளி ஆர்டருக்கு எனக்கு ஆள் வேண்டும். உங்கள் அக்கா மகளுக்கு மாவு பிசையத் தெரியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குழந்தையோடு வரட்டும். நோட்டில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.