மேலாளரை 'ஷ்மக்' என்று அழைத்துவிட்டேன்!

கேள்வி: நியூ ஜெர்சியில் கணினித் துறையில் வேலை செய்கிறேன். என் மேலாளர் நியூயார்க்கில் பிறந்து வளர்ந்தவர். கை தவறிக் காபியைக் கொட்டினால், 'நான் ஒரு க்ளட்ஸ்' என்று தன்னையே திட்டிக்கொண்டு சிரிப்பார். 'ஷ்மக்' என்பதும் அப்படி ஒரு செல்லத் திட்டு என்று நினைத்து, கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவரை அப்படி அழைத்துவிட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. என்ன தவறு? இனி என்ன செய்வது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: இரண்டும் யிட்டிஷ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள்தான். ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைக்க முடியாது. 'க்ளட்ஸ்' என்றால் மரக்கட்டை. நாம் 'மரமண்டை' என்று புத்தியைப் பழிக்கிறோம். அவர்கள் கட்டை என்று தடுமாறும் கைகால்களைச் சொல்கிறார்கள். 'ஷ்மக்' யிட்டிஷில் ஆண்குறிக்கான கொச்சைச் சொல். ஆங்கிலத்தில் 'மடையன்', 'அற்பன்' என்று தேய்ந்துவிட்டாலும், யிட்டிஷ் பேசிய வீடுகளில் பெரியவர்கள் முன் யாரும் வாய் திறந்து சொல்லாத வார்த்தை. 'புட்ஸ்' என்பதும் அதே பொருள்தான்; அதையும் தொடாதீர்கள்.

யிட்டிஷ், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழி. ஜெர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், எழுத்து ஹீப்ரு, சொற்களில் ஹீப்ருவும் ஸ்லாவிய மொழிகளும் கலந்திருக்கும். 1881 முதல் 1924 வரை 20 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். அந்தத் தெருக்களிலிருந்து இந்தச் சொற்கள் ஊர் முழுக்கப் பரவின. பின்னர் ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோர் யிட்டிஷ் பேசியவர்கள். அந்த மொழியை வெறும் வசைக் களஞ்சியமாகப் பார்ப்பது எனக்கு வலிக்கிறது.

அதன் வசைகளிலேயே எவ்வளவு இரக்கம்! 'ஷ்லெமீல்' சூப்பைக் கொட்டுபவன். அது யார் மடியில் விழுகிறதோ அவன் 'ஷ்லிமாஸல்' என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. முதலாமவன் கைராசி இல்லாதவன், இரண்டாமவன் நேரம் சரியில்லாதவன். 'மாஸல்' என்ற ஹீப்ருச் சொல்லின் பழம்பொருள் விண்மீன் கூட்டம், ராசி. 'ஷ்லிம்' என்றால் கெட்ட. 'அவனுக்குக் கிரகம் சரியில்லை' என்று நாம் சொல்வதேதான்! 'நெபிஷ்' அதைவிட மென்மை. 'நெபெக்' என்றால் 'ஐயோ பாவம்'. அந்தப் பரிதாபக் குரலே கடைசியில் ஓர் ஆளுக்குப் பெயராகிவிட்டது.

மேலாளரைத் தனியாகச் சந்தியுங்கள், மின்னஞ்சல் வேண்டாம். 'பொருள் தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடுங்கள்' என்பது போதும். அவர் யூதரா என்று விசாரிக்க வேண்டாம். நியூயார்க்கில் எல்லோரும் புழங்கும் சொற்கள் இவை. அடுத்த கூட்டத்தில், அன்று உடனிருந்தவர்கள் முன்னாலும் ஒரே வாக்கியத்தில் வருத்தம் தெரிவித்துவிடுங்கள்.