மூழ்கிய கப்பலும் அத்தையின் தாலியும்

அன்புள்ள ஐயா,

நான் முலுண்டில் இருக்கிறேன், மென்பொருள் வேலை. தார்கர்லியில் ஸ்கூபா பழகி அந்தமான் வரை போய் டைவ் செய்திருக்கிறேன். ஆகஸ்டில் அலுவலக வேலையாக பாஸ்டன் போகிறேன். அப்படியே ரோட் ஐலண்ட் கடலில் கிடக்கும் யு-853 என்ற இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மன் நீர்மூழ்கியைப் பார்த்துவிட ஆசை. ‘55 பேர் செத்துக் கிடக்கிற இடத்தில் உனக்கு என்ன விளையாட்டு?’ என்கிறார் அப்பா. அங்கே போவது தப்பா? கப்பலுக்கு உள்ளே போகலாமா? நினைவாக ஒரு சின்னப் பொருளை எடுத்து வந்தால் யாருக்கு நஷ்டம்?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

உங்கள் கடிதம் ஏப்ரல் 14 அன்று வந்தது. 1944-ல் இதே தேதியில்தான் நம் மும்பையின் விக்டோரியா டாக்கில் ஃபோர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பல் வெடித்தது. தீயணைக்கப் போய் இறந்த 66 வீரர்களை நினைத்துத்தான் இந்த நாளைத் தீயணைப்பு நாளாக வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்தே மனம் அந்த டாக்கிலேயே கிடந்தது. அந்த நேரத்தில் உங்கள் 55 பேர் வந்து நின்றார்கள்.

போவது தப்பில்லை. உள்ளே மட்டும் போகாதீர்கள். அந்தக் கப்பல் ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்காக டைவ் செய்கிறவர்களுக்குக் கடைசி எல்லையே அதுதான். முப்பதைத் தாண்டினால் நைட்ரஜன் தலைக்கேறும். மீட்டரைப் பார்ப்பீர்கள், எண் புரியாது. கப்பலுக்குள் உங்கள் கால்துடுப்பு ஒரு தடவை உரசினால் போதும், எண்பது வருஷத்து வண்டல் கிளம்பி வந்த வழியை மூடிவிடும். மற்றதை உங்கள் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. யாருக்கு நஷ்டம் என்றா கேட்கிறீர்கள்?

என் பெரிய அத்தை கல்யாணமான கையோடு திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவள். மாமா டாக்கில் மூட்டை தூக்கினார். அந்த ஃபோர்ட் ஸ்டிக்கீன் கப்பலில் சுமார் 1,400 டன் வெடிபொருள், பஞ்சு மூட்டைகள், தங்கக் கட்டிகள் எல்லாம் இருந்தன. மாலை நாலு மணிக்கு மேல் ஒரு வெடிப்பு, அரை மணி நேரத்தில் இன்னொன்று. மாமா வீடு திரும்பவில்லை. உடம்பும் வரவில்லை. விசாரிக்கப் போன இடத்தில் பட்டியலில் பெயரே இல்லை என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்களாம்.

அத்தை தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள். ஊரிலிருந்து வந்த பெரியவர்களிடம், “உடம்பைக் காட்டுங்க, கழத்திடுறேன்” என்று ஒரே வார்த்தைதான் சொன்னாளாம். சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் சாலின் (வரிசை வீட்டுக் குடியிருப்பின்) பொதுக்குழாயில் குளித்துவிட்டு வருவாள். மஞ்சள் கிழங்கைக் கல்லில் உரசி, அந்தச் சரட்டில் விரல் விரலாகத் தடவிக்கொண்டே போவாள். நைந்த இடம் வந்ததும் கை நிற்கும். அங்கே புது நூல் சேர்த்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முறுக்குவாள். முடிக்கும்போது நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கும். நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டி, 1985-ல் தாலியோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

அந்த டாக்கில் தூர்வாரும்போது 1970கள் வரைகூடத் தங்கக் கட்டிகள் கிடைத்தன. மாமா கிடைக்கவில்லை.

இப்போது யு-869 என்ற இன்னொரு ஜெர்மன் நீர்மூழ்கி பற்றிச் சொல்கிறேன். 1991-ல் நியூ ஜெர்சிக் கடலில், 70 மீட்டர் ஆழத்தில், பெயர் தெரியாத ஒரு நீர்மூழ்கியை டைவர்கள் கண்டுபிடித்தார்கள். யு-869 ஜிப்ரால்டர் பக்கம் மூழ்கியதாகத்தான் பதிவேடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. அதில் போன 56 பேரின் வீட்டார் ஐம்பது வருஷமாக வேறொரு கடலைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். அந்த டைவர்கள் ஆறு வருஷம் விடாமல் இறங்கினார்கள். மூன்று டைவர்கள் செத்தார்கள். அதில் இருவர் அப்பாவும் மகனும். கடைசியில் 1997-ல் ஓர் உதிரிபாகப் பெட்டியிலிருந்த சின்னத் தகடு அந்தக் கப்பலின் எண்ணைச் சொன்னது. அதையும் கீழேயிருந்துதான் எடுத்து வந்தார்கள். ஆனால் அந்தத் தகடு 56 வீடுகளுக்கு விடையாகப் போயிற்று. நீங்கள் எடுத்து வரும் தட்டோ குழாயோ முலுண்டில் டிவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். கார்த்திக், இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

நம் ஊரிலேயே 2013 ஆகஸ்ட் 14 நள்ளிரவு தாண்டி கடற்படைத் துறைமுகத்தில் சிந்துரக்ஷக் என்ற நம் நீர்மூழ்கி வெடித்து மூழ்கியது. உள்ளே 18 பேர். எண்ணெயும் சேறும் கலந்த இருட்டில் டைவர்கள் கையால் தடவித் தடவித்தான் போனார்கள். முதல் உடல்கள் கிடைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. டிவியில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, 1944-ல் இப்படி ஒருவன் இறங்கியிருக்கக் கூடாதா என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்த டைவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

உங்கள் யு-853 ஆட்கள் நாஜிகளுக்காகச் சண்டை போட வந்தவர்கள்தான். போரை நிறுத்தச் சொல்லி உத்தரவு போன பிறகும், 1945 மே 5 அன்று பிளாக் பாயிண்ட் என்ற நிலக்கரிக் கப்பலை அடித்து 12 பேரைக் கொன்றார்கள். மறுநாள் அவர்களே மூழ்கினார்கள். அதற்கு மறுநாள் ஜெர்மனி சரணடைந்து கையெழுத்துப் போட்டது. இன்னும் இரண்டு நாள் பொறுத்திருந்தால் இந்த 67 பேரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். அந்த வீடுகளில் தபால்காரனை எதிர்பார்த்து வாசலில் நின்ற அம்மா என் அத்தையிலிருந்து எந்த வகையில் வேறு?

1960-ல் ஒரு டைவர் அந்தக் கப்பலுக்குள் போய் ஒரு மாலுமியின் உடலை மேலே கொண்டுவந்தார். கடற்படைக்காரர்களும் பாதிரியார்களும் கண்டித்தார்கள். அப்புறம் அந்த மாலுமியை நியூபோர்ட்டில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். பாஸ்டனிலிருந்து நியூபோர்ட்டுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம்தான். படகு ஏறுவதற்கு முந்தின நாள் அந்தக் கல்லறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாருங்கள். மறுநாள் கீழே இறங்கி நன்றாகப் பாருங்கள். வெறுங்கையோடு மேலே வாருங்கள்.

அப்புறம், கடைசி டைவுக்கும் மும்பை விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள் தம்பி. நீங்கள் பத்திரமாக மேலே வந்ததும் அப்பாவுக்கு முதல் போன் செய்யுங்கள்.