மருந்துக்கு முன் கூண்டைப் பாருங்கள்: கொல்லைக்கோழி வளர்ப்போர் கேள்வி பதில்

வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்றே முடிந்திருந்தன. மருந்தின் பெயரைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் பத்துப் பதினைந்து கோழிகளைக் கொல்லையில் வளர்ப்பவருக்கு வரும் தொல்லைகளில் பெரும்பகுதி ஈரம், நெரிசல், வெப்பம், தண்ணீர் ஆகிய நான்கில் ஒன்றிலிருந்தே தொடங்குவதை இத்தனை ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். ஆகவே சில இடங்களில் உங்கள் கேள்விக்கு நான் எதிர்க்கேள்வி கேட்டிருப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, என்னிடம் ஒன்றரை வயதுள்ள ஆறு பெட்டைகள் இருக்கின்றன. போன மாதம் வரை நாள்தோறும் நான்கைந்து முட்டைகள் கிடைத்தன. இப்போது ஒன்றுகூட இல்லாத நாளும் உண்டு. தீவனத்தை மாற்றவில்லை. சத்து மருந்து ஏதேனும் தர வேண்டுமா?

பதில்: முதலில் கூண்டின் தரையைப் பாருங்கள். இறகுகள் சிதறிக் கிடந்தால் உங்கள் பெட்டைகள் இறகு உதிர்க்கத் தொடங்கியிருக்கின்றன என்று பொருள். ஏறத்தாழ ஒன்றரை வயதில்தான் முதல் பெரிய இறகுதிர்ப்பு வரும். இறகு பெரும்பாலும் புரதத்தால் ஆனது என்பதால், உடல் தன் புரதத்தை முட்டைக்குச் செலவிடாமல் புதிய இறகுக்குத் திருப்பிவிடுகிறது. இது முடிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை புரதம் கூடுதலாக உள்ள தீவனத்தைக் கொடுத்துக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. புதிதாக முளைக்கும் இறகுக்குருத்தில் இரத்தம் ஓடுவதால் தொட்டாலே வலிக்கும், அந்த நாட்களில் தேவையின்றிப் பிடிக்கவும் வேண்டாம்.

தரையில் இறகு இல்லையென்றால் பகல் வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். பெட்டைக்கு நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேர வெளிச்சமாவது கிடைத்தால்தான் முட்டை குறையாமல் வரும். பகல் சுருங்கும் பருவத்தில் குறைவது இயல்பு.

இவை இரண்டும் இல்லையென்றால், கோழிகள் இட்டுக்கொண்டுதான் இருக்கின்றன, உங்களுக்குத்தான் தெரியவில்லை என்ற ஐயம் எனக்கு எழும். ஒரு கோழியைத் தூக்கி, எச்சத்துவாரத்தின் இருபுறமும் உள்ள கூரிய எலும்பு முனைகளுக்கு இடையே விரல்களை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல்கள் நுழைந்து, துவாரம் ஈரமாகவும் அகன்றும் இருந்தால் அந்தக் கோழி முட்டையிடுகிறது. ஒரு விரலே நுழையத் திணறினால் இடவில்லை. இடுகிற கோழியின் முட்டை புதரிலோ விறகுக்குவியலின் பின்னாலோ கிடக்கும். நான்கு நாட்கள் நண்பகல் வரை கூண்டைத் திறக்காமல் வைத்திருங்கள். பெரும்பாலான முட்டைகள் முற்பகலிலேயே இடப்படுவதால் கள்ளம் வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: ஓடில்லாமல் தோல்முட்டையாக வருகிறது. சுண்ணாம்புச் சத்துக்காகச் சிப்பித்தூளைத் தீவனத்தில் கலந்துவிடலாமா?

பதில்: கலக்காதீர்கள், தனிக் கிண்ணத்தில் வையுங்கள். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் இருக்கிறது. தேவையுள்ள பெட்டை தானே தேடி வந்து தின்னும், தேவையற்றது விலகிப் போகும். கலந்து வைத்தால் சேவலும் வளரும் குஞ்சும் சேர்ந்து தின்ன நேரும். மிகையான கால்சியம் குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தூளைவிடக் குறுணையாக உடைத்த சிப்பி நல்லது. அது அரைவைப்பையில் தங்கி மெதுவாகக் கரையும். ஓடு பெரும்பாலும் உருவாகிற இரவு நேரத்தில் கைகொடுக்கும்.

கோடையில் மட்டும் ஓடு மெலிந்தால் குற்றம் சிப்பியில் இல்லை. வெப்பத்தில் மூச்சிரைக்கும் கோழி கரியமில வாயுவை மிகுதியாக வெளியேற்றிவிடுவதால் ஓடு உருவாவதற்கான கார்பனேட் குறைந்துபோகிறது. அப்போது நிழலும் குளிர்ந்த தண்ணீருமே மருந்து. புதிதாக இடத் தொடங்கிய விடைக்கோழி முதல் சில முட்டைகளைத் தோல்முட்டையாக இட்டால் கவலை வேண்டாம்.

கேள்வி: அப்படியானால் முட்டை ஓட்டையே நொறுக்கிப் போடலாமா? பிறகு கோழி முட்டையைக் கொத்தித் தின்னப் பழகிவிடும் என்கிறார்களே?

பதில்: நன்றாகக் காயவைத்து, முட்டையின் உருவம் தெரியாதபடி பொடித்துப் போடலாம். முட்டை தின்னும் பழக்கம் அதனால் வருவதைவிட, கூட்டில் உடைந்து வழிந்த முட்டையிலிருந்தே வருகிறது. இடும் பெட்டியில் மெத்தென்று படுகை போட்டு, நான்கு பெட்டைகளுக்கு ஒரு பெட்டியாவது வைத்து, முட்டைகளை அடிக்கடி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நான்கு வாரக் குஞ்சுகள் இரண்டு நாட்களாகச் சிறகைத் தொங்கவிட்டுக் குறாவி நிற்கின்றன. எச்சத்தில் இரத்தம் தெரிகிறது. இரண்டு இறந்துவிட்டன. உடனே என்ன செய்வது?

பதில்: இதற்கு மட்டும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டேன். மூன்று முதல் ஆறு வார வயதில் இந்த அறிகுறிகள் பெரும்பாலும் இரத்தக்கழிச்சலையே காட்டும். குடலின் உட்சுவரைச் சிதைக்கும் நுண்ணிய ஒட்டுண்ணிதான் காரணம். இன்றே கால்நடை மருத்துவரிடம் எச்சத்தைக் காட்டுங்கள். பொதுவாகத் தண்ணீரில் கலக்கும் ஆம்ப்ரோலியம் தரப்படும், அளவை அவரே சொல்லட்டும். நோயுற்ற குஞ்சு இரையெடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்கும் என்பதால்தான் மருந்தைத் தண்ணீரில் கொடுக்கிறோம். ஆகவே அந்த நாட்களில் வேறு தண்ணீர் எதுவும் எட்டக் கூடாது.

ஆனால் மருந்தோடு நிறுத்திக்கொண்டால் அடுத்த ஈட்டுக் குஞ்சுகளுக்கும் இதுவே நேரும். எச்சத்தோடு வெளியேறும் ஒட்டுண்ணி முட்டை அப்போதே நோயைத் தருவதில்லை. ஈரமும் இளஞ்சூடும் காற்றும் கிடைத்தால் ஓரிரு நாட்களில் முற்றி, பிறகே தொற்றும். ஈரத்தை எடுத்துவிட்டால் அது முற்றுவதற்கு இடமில்லை. தரைக்கூளத்தை ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. உதிர்ந்து விழுந்தால் சரி. பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்க் கலம்தான். அதைக் குஞ்சின் முதுகு உயரத்திற்குத் தூக்கி வைத்தால் கூளம் நனைவது பாதி குறையும், எச்சமும் அதில் விழாது.

கேள்வி: சேவலே இல்லாத வீட்டில் ஒரு பெட்டை வெறுங்கூட்டில் அடைகிடக்கிறது. தூக்கி வெளியே விட்டால் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்கிறது.

பதில்: அடைக்கு உட்காரச் சேவலும் தேவையில்லை, முட்டையும் தேவையில்லை, உடலில் சுரக்கும் இயக்குநீர் செய்யும் வேலை அது. நீரில் முக்குவது போன்ற முரட்டு வைத்தியம் எனக்குப் பிடிப்பதில்லை. அடியில் கம்பிவலை உள்ள கூண்டைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்து, படுகை எதுவும் போடாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாட்கள் அதில் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் படப்பட அடை தெளியும்.

குஞ்சு பொரிக்க விருப்பமிருந்தால், சேவல் உள்ள இடத்திலிருந்து ஒருவார காலத்திற்குள் இட்ட முட்டைகளை வாங்கி, அது நன்றாகச் சிறகால் மூடுமளவிற்கு மட்டும் வையுங்கள். பொரிய இருபத்தொரு நாட்கள் ஆகும். வைத்த முட்டைகள் எல்லாவற்றிலும் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். மற்றப் பெட்டைகள் அதே கூட்டில் வந்து இட்டுப் போவதாலேயே பல அடைகள் கூழ்முட்டையில் முடிகின்றன. ஏழாம் நாள் இரவில் விளக்கொளியில் பிடித்துப் பார்த்தால், நடுவே ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக்கால்போல் கிளைக்கும் செந்நரம்புகளும் தெரியும். தெளிவாக, வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடலாம். கோழி மிதித்துக் குஞ்சு சாவதில்லை என்பது பழமொழி. ஆழமும் நெருக்கமுமான பெட்டியில் சாகும். ஆகையால் பொரிக்கும் நாளுக்கு முன்பே அகலமான, தாழ்ந்த இடத்துக்கு இரவில் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய மூன்று பெட்டைகளைப் பழைய கோழிகள் கொத்தி விரட்டுகின்றன. இரவில் உறங்கும்போது சேர்த்துவிட்டால் காலையில் அடையாளம் தெரியாது என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

பதில்: எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கோழிகள் ஒன்றையொன்று முகம் பார்த்து அறிபவை. யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை அவற்றிடையே உண்டென்பதை நார்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டரூப்-எப்பே 1921ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். புதியவை வரும்போது அந்த வரிசை கலைந்து மறுபடி அடுக்கப்படுகிறது. நாம் செய்யக்கூடியது இரத்தம் வராமல் பார்த்துக்கொள்வது மட்டுமே.

அதற்கு முன் ஒன்று: வாங்கிய அன்றே சேர்த்தீர்களா? மூன்று நான்கு வாரங்களாவது தனியே வைத்து நோயில்லை என்று உறுதிசெய்த பிறகே சேர்க்க வேண்டும். பிறகு ஒரு வாரம் வலைக்கு அப்பாலும் இப்பாலுமாக, பார்க்க முடியும் ஆனால் கொத்த முடியாது என்ற நிலையில் விடுங்கள். சேர்க்கும் நாளில் தீவனத்தட்டுகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்து, தோற்ற கோழி ஒளிந்துகொள்ள ஒரு மறைவையும் அமைத்துவிடுங்கள். காயம்பட்ட கோழியை உடனே பிரிக்க வேண்டும். சிவப்பைக் கண்டால் அதுவரை சும்மா இருந்தவையும் கொத்த வரும்.

கேள்வி: அந்தி சாய்ந்ததும் தாமாகக் கூண்டில் அடையும் கோழிகள் ஒரு வாரமாக உள்ளே போக மறுத்து மரத்தில் ஏறுகின்றன. பகலில் உடலைப் பார்த்தால் பேன் எதுவும் இல்லை.

பதில்: பகலில் இருக்காது. நன்கு இருட்டிய பிறகு கைவிளக்கோடு போய், அவை உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் செந்நிறக் கீற்றுகள் விழுந்தால் அவை இரத்தம் குடித்த செவ்வுண்ணிகள். பகலெல்லாம் கழியின் முனையிலும் பலகை இடுக்கிலும் பதுங்கியிருந்து, இரவில் மட்டும் கோழியின் மேல் ஏறும். ஆகவே கோழிக்கு மட்டும் மருந்து தடவிப் பயனில்லை. கூண்டைக் காலி செய்து, கழிகளைக் கழற்றி, இடுக்குகளில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை அடித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் அடிக்க வேண்டும். முட்டையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை அதற்குள் வெளிவந்துவிடும். வெறுங்கூண்டிலேயே பல மாதங்கள் உயிரோடிருக்கும் பூச்சி இது.

பேன் அப்படியல்ல, கோழியின் உடலிலேயே வாழும். எச்சத்துவாரத்தைச் சுற்றிய இறகுகளின் அடியில் உப்புக்கட்டி ஒட்டியதுபோல் வெள்ளைத் திரளாக அதன் முட்டைகள் தெரியும். கோழி புரள உலர்ந்த மண்குழி ஒன்று எப்போதும் இருந்தால் பேனைப் பெருமளவு அதுவே கட்டுப்படுத்திக்கொள்ளும்.

கேள்வி: முட்டைகளைக் கழுவி வைப்பது நல்லதா?

பதில்: தேவையில்லை. ஓட்டின் மேல் இயற்கையான மெல்லிய பூச்சு ஒன்று துளைகளை மூடியிருக்கிறது. அழுக்கு இருந்தால் உலர்துணியால் துடையுங்கள். கழுவியே ஆக வேண்டுமென்றால் முட்டையைவிடச் சற்றுச் சூடான நீரில் கழுவி உடனே பயன்படுத்துங்கள். குளிர்நீரில் முட்டையின் உள்ளடக்கம் சுருங்கி அழுக்குநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: கொல்லையில் மேயும் பத்துக் கோழிகளுக்குத் தடுப்பூசி வேண்டுமா? நோய் வந்தபின் மருந்து கொடுத்தால் போதாதா?

பதில்: போதாது. வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு மருந்தே இல்லை. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், மூச்சுத்திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் என்று தொடங்கி ஒரு வாரத்தில் மந்தையையே காலி செய்துவிடக்கூடியது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தாகத் தொடங்கி, மருத்துவர் தரும் அட்டவணைப்படி தொடருங்கள். உயிருள்ள தடுப்பு மருந்தைக் குளோரின் கலந்த நீரில் கரைத்தாலும், வெயிலில் வைத்தாலும் அது செத்துவிடும். பிறகு போட்டும் போடாததுபோல்தான். பல கோழிகள் ஒரே நாளில் காரணமின்றி இறந்தால் அறுத்துப் பார்க்காமல், சமைக்காமல், உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

கேள்வி: சேவல் இறந்தபின் எங்கள் மூத்த பெட்டை கூவத் தொடங்கியிருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் அபசகுனம் என்று அறுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: அறுக்க வேண்டாம். சேவலில்லாத மந்தையில் தலைமைப் பெட்டை சில வேளைகளில் கூவும். காவல் நிற்கும், இரை கண்டால் மற்றவற்றை அழைக்கவும் செய்யும். அரிதாக உடற்காரணமும் உண்டு. பெட்டைக்கோழிக்கு இடப்பக்கச் சூலகம் மட்டுமே வேலை செய்கிறது. அது நோயால் பழுதானால், வளராமல் கிடந்த வலப்பக்க உறுப்பு ஆண் இயக்குநீரைச் சுரக்கத் தொடங்கும். கொண்டை பெருக்கும், அடுத்த இறகுதிர்ப்பில் சேவலின் இறகே முளைக்கக்கூடும். அந்தக் கோழி இன்னும் முட்டையிடுகிறதா என்று மட்டும் பாருங்கள். இட்டால் அதற்கு எந்தக் குறையும் இல்லை. வீட்டுப் பெரியவர்களிடம் அந்த முட்டையையே காட்டுங்கள்.