ராப் எழுதலாம் வாங்க: குமரி மாவட்டப் பிள்ளைகளின் கேள்விகளும் என் பதில்களும்

வில்லுப்பாட்டுக் குழுவில் பல வருஷம் குடம் அடித்தவன் நான். இப்போது நாகர்கோவிலில் பிள்ளைகளுக்கு ராப் எழுதச் சொல்லித் தருகிறேன்.

அண்ணே, ராப் அமெரிக்காக்காரன் பாட்டு. நம்ம கதை அதில் ஒட்டுமா? (மார்த்தாண்டம்)

1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய ஒரு விருந்தைத்தான் ராப் வளர்ந்த ஹிப் ஹாப் கலையின் பிறப்பு என்பார்கள். வறுமைப்பட்ட தெருக்களில் வளர்ந்த கறுப்பின, லத்தீன் பிள்ளைகள் வளர்த்தெடுத்த கலை அது.

சரி, கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பாய்தானே? புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரியை எடுத்து விடுவார். பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டுப் பிடித்துக்கொள்வார். குடத்து வாயில் மட்டை விழுகிற அந்த 'தொம்' நெஞ்சுக்குள் இறங்கும். பேஸ் என்று நீங்கள் சொல்வது அதுதான். கதையையும் பார். அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள்தான் அதில் பல பேர் தெய்வமாகிறார்கள். பிராமணனாகப் பிறந்து சக்கிலியர் பெண்களை மணந்த முத்துப்பட்டன் கதையை இன்றைக்கும் பாடுகிறோம். நியாயம் கேட்கிற பாட்டு நமக்குப் புதுசு இல்லை மக்கா.

பாடினால் ஏதாவது நடக்குமா? (தக்கலை)

கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி 2015இல் சோபியா அஷ்ரப் ராப் பாடினார். உலகமே திரும்பிப் பார்த்தது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. ஆனால் தொழிலாளர்கள் பல வருஷமாகப் போராடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு அவர்களோடு சேர்ந்து நின்றது.

சாதியைத் தொட்டால் வீட்டில் திட்டுகிறார்கள். (திங்கள்சந்தை, மாணவி)

தங்கச்சி, மேலாடை போடும் உரிமைக்காக நம் பெண்கள் அடிபட்ட மண் இது. 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அதையே முதல் பாட்டாக எழுது. வீட்டில் பாட்டியை உட்காரவைத்துப் பாடிக்காட்டு.

ஓகி புயல் பற்றி எழுதினேன், எல்லாரும் எழுதுகிற மாதிரியே இருக்கிறது. (குளச்சல்)

'கண்ணீர்க் கடல்' என்று எழுதியிருப்பாய். 2017 டிசம்பரில் குழித்துறையில் மீனவக் குடும்பங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்து, கடலில் காணாமல் போன ஆண்களைத் தேடச் சொன்னார்களே, அங்கே யார் கையில் என்ன இருந்தது? அதை எழுது. என்னிடம் வந்த ஒரு பையனும் முதலில் கடல், அலை என்றுதான் எழுதினான். பேச்சுவாக்கில், "அம்மா இப்பவும் அப்பா நம்பருக்கு ரீசார்ஜ் பண்ணுது அண்ணே" என்றான். அதுதான் உன் முதல் வரி என்றேன். மீதியை ஒரே ராத்திரியில் எழுதிவிட்டான்.

மலையாளம் கலந்த எங்கள் பேச்சில் பாடலாமா? (விளவங்கோடு)

அதிலேயே பாடு. வீட்டில் சண்டை போடுகிற பேச்சில் எழுதினால் தாளம் தானாக வரும்.