லைவ் மைக்ரேஷனுக்கு இருவழித் தொடர்பு எதற்கு?

ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை (சர்வருக்குள் மென்பொருளாக இயங்கும் கணினியை) அணைக்காமல் வேறொரு சர்வருக்கு மாற்றுவதே லைவ் மைக்ரேஷன். நினைவகத்தை முதலில் நகலெடுத்துவிட்டு மெஷினை மாற்றும் ப்ரீ-காப்பி முறைக்கு ஒருவழிப் பாதையே பெரும்பாலும் போதும்.

மெஷினை முதலில் மாற்றிவிட்டு நினைவகத்தைப் பிறகு நகலெடுக்கும் போஸ்ட்-காப்பியில் கதை வேறு. மெஷின் புது சர்வரில் ஓடத் தொடங்கிவிடும். நினைவகப் பக்கங்கள், அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகள், பல பழைய சர்வரிலேயே கிடக்கும். வந்து சேராத பக்கத்தைத் தொட்டால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். ‘இதை உடனே அனுப்பு’ என்று திரும்பிக் கேட்க வழி வேண்டுமே! வீடு மாறும்போது, புது வீட்டில் இருப்பவர் போன் செய்து ‘மருந்துப் பெட்டியை முதலில் அனுப்பு’ என்பதைப் போல. அப்படிக் கேட்ட பக்கம் மற்ற சாமான்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றால் பயனில்லை. அதற்குத் தனிப் பாதை வைப்பதே நல்லது.

இருவழி என்றதும் நினைவகமே இரு பக்கமும் நகலாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் புது சர்வரிலிருந்து திரும்பிப் போவது கோரிக்கைகளும் நிலைச் செய்திகளும்தான்.