மறந்த வேளைக்காக இரட்டிப்பு மாத்திரை வேண்டாம்

கேள்வி: குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தாயாருக்கு (வயது 58) கேப்சிடபின் என்ற புற்றுநோய் மருந்தை, 500 மி.கி. மாத்திரையாகக் காலையில் மூன்று, இரவில் மூன்று என 14 நாள் கொடுத்து, 7 நாள் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றிரவு கொடுக்க மறந்துவிட்டோம். காலையில் ஆறாகக் கொடுக்கலாமா? விழுங்கச் சிரமப்படுவதால் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாமா? தெரிந்தவர் ஒருவர் இதே மாத்திரையைப் பாதி விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.
– வாசகர், குடியாத்தம்

பதில்: ஆறு கொடுக்கவே கூடாது. விட்ட வேளை விட்டதுதான். காலையில் வழக்கமான மூன்றை மட்டும், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள், தண்ணீருடன் கொடுங்கள். மாத்திரை போட்டபின் வாந்தியெடுத்தாலும் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டாம். ஈடுகட்டுவதாக நினைத்து ஓய்வு நாட்களுக்குள் நீட்டிக்கவும் வேண்டாம்; குடலும் இரத்த அணுக்களும் தேறுவதற்காகத்தான் அந்த 7 நாட்கள். இதையெல்லாம் மாத்திரை கொடுக்கும் இடத்திலேயே தமிழில் ஒரு பக்கம் அச்சிட்டுத் தருவதற்கு என்ன தடை என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பொடிக்கவும் கூடாது. இது உயிரணுக்களை அழிக்கும் மருந்து; அந்தத் தூள் பொடிப்பவரின் கைக்கும் மூச்சுக்கும் போகும். நாளை மிளகு இடிக்கும் அதே உரலிலும் ஒட்டியிருக்கும். எடுத்துக் கொடுப்பவர் கையுறை அணியட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இதைத் தொடவே வேண்டாம். முழுதாக விழுங்கவே முடியவில்லையென்றால் அதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று வழியை அவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உடம்பு தேறட்டும் என்று சத்து மாத்திரை வாங்கிக் கொடுப்பது நம் வழக்கம். ஃபோலிக் அமிலம் (folic acid என்ற வைட்டமின்) கலந்த எதுவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரை உட்பட, கேப்சிடபினின் நச்சுத்தன்மையைக் கூட்டக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு, நுரையீரல் புற்றுநோய்க்குப் பெமட்ரெக்செட் ஊசி போட்டுக்கொள்பவர்கள் தங்கள் ஃபோலிக் அமிலத்தை நிறுத்திவிடக் கூடாது. அவர்களுக்கு அது கட்டாயம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்களுக்கும் மருத்துவர் அதை எழுதியிருப்பார். அவர்களும் நிறுத்த வேண்டாம். நான் சொல்வது கேப்சிடபினுக்கு மட்டும். உங்கள் தாயார் இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்தப் பாதி விலைக்காரர். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதி வாசல்களில் இப்படிப்பட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மருத்துவமனை ஆள் போலவே பேசுவார்கள். ரசீது கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். அட்டையைத் துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். வெட்டிய துண்டில் தொகுதி எண்ணும் (batch number) காலாவதித் தேதியும் இருக்காது. நோயாளி இறந்த வீட்டுக்கு மிஞ்சிய மாத்திரையை விலைக்குக் கேட்டுப் போவதும் உண்டு. 2024 மார்ச்சில் டெல்லி காவல்துறை பிடித்த கும்பல், காலியான புற்றுநோய் மருந்துக் குப்பிகளை வாங்கி, போலி மருந்து நிரப்பி விற்றது. ரசீதிலுள்ள தொகுதி எண்ணும் அட்டையிலுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். இந்த மருந்துக்கு அரசே உச்சவிலை நிர்ணயித்திருக்கிறது. பணம்தான் பிரச்சினை என்றால் விலை குறைந்த வேறு நிறுவனத் தயாரிப்பு உண்டா என்று மருத்துவமனை மருந்தகத்திலேயே வெட்கப்படாமல் கேளுங்கள். அங்கே வரிசையில் அரை நாள் போகும். அந்த வரிசைதான் இடைத்தரகருக்குப் பிழைப்பு என்பது நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாததா?

வழக்கத்தைவிட நான்கு முறையோ அதற்கு மேலோ வயிற்றுப்போக்கு, 100.4 டிகிரி காய்ச்சல், சாப்பிடவிடாத வாய்ப்புண், உள்ளங்கை உள்ளங்காலில் கொப்புளம், நெஞ்சுவலி – இவற்றில் எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவமனையை அழையுங்கள். நெஞ்சுவலிக்கும் காய்ச்சலுக்கும் விடியும்வரை காத்திராமல், மாத்திரை அட்டையுடன் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ வேலூரை அடுத்த அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்விடுங்கள்.

வேலூர் வெயிலில் தகரக் கூரையின் கீழோ சன்னலோரமோ மாத்திரையை வைக்க வேண்டாம். குளிர்ச்சியான அலமாரியில், மற்றவர்களின் மாத்திரைகளோடு கலக்காமல் தனி டப்பாவில் இருக்கட்டும். நேற்றிரவு விட்ட மூன்றையும் அதிலேயே வைத்திருந்து, அடுத்த முறை போகும்போது எடுத்துச் சென்று கணக்குக் காட்டுங்கள்.