போட்ட யூரியாவில் நெல்லுக்குப் போவது எவ்வளவு?

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகாவின் கிழக்குப் பக்கத்து விவசாயிகள் தழைச்சத்து (நைட்ரஜன்) பற்றிக் கேட்டவையும், என் பதில்களும்.

நல்லேப்பிள்ளியிலிருந்து: அண்ணா, ஏக்கருக்கு ரெண்டு மூட்டை யூரியா போடுகிறேன். நெல் எவ்வளவு எடுக்கும்?

தம்பி, 45 கிலோ மூட்டை ரெண்டு, 90 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆக 41 கிலோ. சேற்று வயலில் நெல் பிடிப்பது பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான்.

மீதி போகும் வழியைப் பாருங்கள். நல்ல வெயிலில், நிற்கிற தண்ணீரில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், தண்ணீரில் காரத்தன்மை கூடும். அந்த நேரத்தில் தூவிய யூரியா அமோனியாவாகி ஆவியாய்ப் போய்விடும். தப்பியதும் முழுசாக நிற்காது. சேற்றின் மேல் சில மில்லிமீட்டருக்குத்தான் காற்று உண்டு. அங்கே நைட்ரேட் என்ற வடிவத்துக்கு மாறிய தழைச்சத்து கீழே இறங்கியதும், காற்றில்லாத சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதை வாயுவாக்கி விடும். வயல் காய்ந்து மறுபடி தண்ணீர் ஏறும்போது இந்த இழப்பு கூடும். ஆழியாற்றுத் தண்ணீர் முறை வைத்து வருகிற நமக்கு இது பெரிய விஷயம்.

அதனால் தண்ணீரை வடித்துவிட்டு, சேற்றின் மேல் தூவி, மறுநாள் தண்ணீர் கட்டுங்கள். மூன்று தடவையாகப் பிரித்துப் போடுங்கள். பயிர் கருகருவென்று நின்றால் மனசுக்குச் சந்தோஷம்தான், ஆனால் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் அதே சந்தோஷம். எப்போது யூரியா தேவை என்று இலையின் பச்சையை வைத்துச் சொல்லும் இலை வண்ண அட்டை வாங்கி, காலையில், உங்கள் நிழலில் இலையைப் பிடித்து ஒப்பிடுங்கள். முழுசாக விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியைப் பாருங்கள், நுனியை அல்ல.

வடகரப்பதி: என் வயலில் எவ்வளவு பலன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சென்ட்டை (ஏக்கரில் நூறில் ஒரு பங்கு) வரப்பு போட்டுப் பிரித்து, அதற்கு மட்டும் யூரியா போடாதீர்கள். அறுவடையில் பக்கத்து ஒரு சென்ட்டோடு எடை பாருங்கள். உதாரணமாக யூரியா போடாததில் 14.5 கிலோ, போட்டதில் 21 கிலோ என்றால் வித்தியாசம் 6.5 கிலோ. யூரியா போட்ட சென்ட்டுக்குப் போனது 0.41 கிலோ தழைச்சத்து. ஒரு கிலோ தழைச்சத்துக்கு ஏறக்குறைய 16 கிலோ நெல். 20-ஐத் தாண்டினால் நன்றாகச் செய்கிறீர்கள். ஒரு போகம் இதைச் செய்து பாருங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

எருத்தேம்பதி: வேப்பெண்ணெய் பூசிய யூரியா என்றால் வீணாகாதா?

2015-இலிருந்து உள்நாட்டு யூரியா எல்லாம் அப்படித்தான் வருகிறது. நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். ஆவியாவதைத் தடுக்காது.

கொழிஞ்சாம்பாறை அக்கா ஒருவர்: தென்னைக்கு நடுவே கடலை போடுகிறோம். மண்ணுக்குச் சத்து சேருமா?

ஒரு செடியைப் பிடுங்கி வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள், அக்கா. உள்ளே சிவப்பாக இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. வெளுத்திருந்தால் வேலை நடக்கவில்லை. யூரியா கூடினாலும் முடிச்சு குறையும். கடலைக்கொடி முழுவதும் மாட்டுக்குப் போனால் மண்ணில் தங்குவது கொஞ்சம்தான். அதனால் சாணத்தைத் தோப்புக்கே திருப்பிக் கொடுங்கள்.

முதலமடை: பரம்பிக்குளம் காட்டுக்கு யார் யூரியா போடுகிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பல மரங்கள் இலையை உதிர்க்கும் முன்பே அதிலுள்ள தழைச்சத்தில் பாதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். மீதி சருகோடு விழுந்து, மக்கி, வேருக்கே போகும். 1982-இல் பீட்டர் விட்டூசெக் என்ற சூழலியலாளர் பல காடுகளின் சருகை ஒப்பிட்டு, தழைச்சத்து அரிதான காட்டில் ஒவ்வொரு கிராம் தழைச்சத்துக்கும் அதிகச் சருகு உருவாகிறது என்று காட்டினார். நம் வயலிலிருந்தோ நெல்லும் வைக்கோலும் வண்டி ஏறிப் போகின்றன. அந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்பத்தான் தக்கைப்பூண்டும் சீமைக்கொன்னைத் தழையும் பசுந்தாள் உரமாக மடக்கி உழச் சொல்கிறேன்.

வேலந்தாவளம்: வயலோரக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா?

சோதிக்காமல் வேண்டாம். வேருக்குக் கீழே இறங்கிய நைட்ரேட் கிணற்றுக்குத்தான் வரும். நம் நாட்டுக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் கூடும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கலக்காதீர்கள்.